அம்பு ஸ்டிக்கர்

பெருமாநல்லூர் ரோட்டு பனியன் கம்பெனியில்
எனக்குச் செக்கிங் வேலை.
டியூப்லைட்டுக்குக் கீழே சட்டையை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
எதைக் கண்டாலும் அந்த இடத்தில்
சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும்.
பதினோரு வருசமாக ஒட்டுகிறேன்.

ராத்திரி வீட்டில்
தம்பியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விண்ணப்பத்தோடு சான்று வேண்டுமாம்.
பழைய அட்டையில் அறுபது சதவீதம்.
அது அவன் செவுத்தைப் பிடித்து நடந்த காலத்து அறுபது.
"அது பத்தாதுங், எச்சா இருக்கோணும்" என்றார்
கலெக்டர் ஆபீசில் மூன்றாம் நம்பர் சன்னல்காரர்.
கம்பெனியில் பிழை எச்சானால் ரிஜெக்ட்.
இங்கே எச்சானால்தான் பாஸ்.

போன மாசம் ஆஸ்பத்திரியில்
கையைத் தூக்குப்பா என்றார் டாக்டர்.
தூக்கிவிட்டான் விசாகன்.
பல்லைக் கடித்து, முழங்கையை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து,
காது வரைக்கும்.
வீட்டில் தலை சீவ ஒருநாளும் எழாத கை.
குட் என்று சொல்லி எழுதிக்கொண்டார்.
ஐந்து வயசிலிருந்து
"தூக்கு சாமி, இன்னுங் கொஞ்சம்" என்று
கைதட்டிக் கைதட்டிப் பழக்கியது நாங்கள்தான்.
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் அவனோடு பேசவில்லை.
மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான்.
அதற்கு ரசீது இருக்கிறது, பதினெட்டு ரூபாய்.

தெரிந்தவர்களிடம் கடிதம் வாங்கி வைக்கலாம் என்றார்கள்.
ரேசன் கடை தீர்த்தகிரி அண்ணன் எழுதித் தந்தார்:
"விசாகன் தங்கமான பையன்.
ஒரு குறையும் சொல்ல முடியாது."
கையெழுத்து, தேதி, போன் நம்பர் எல்லாம் சரியாக.
மறுபடி போய், குறை எழுதுங்கண்ணா என்று நின்றேன்.
பேனாவை மூடிக்கொண்டார்.
"எங் கையால எப்பிடி அம்முணி?"

மாரியாத்தா நோம்பிக்கு ஊரே வெள்ளையடித்தது.
எங்கள் வீட்டில் ஒரு செவுத்தை மட்டும் விட்டுவைத்தேன்.
கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை
அவன் உள்ளங்கை தேய்த்த பிசுக்குக் கோடு.
என் தோள் உயரத்தில் ஒன்று.
இடுப்பு உயரத்தில் ஒன்று.
முழங்காலுக்குக் கீழே, தவழ்ந்த வருசம்.
அதற்கப்புறம் வெறும் சுண்ணாம்பு.
போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டதில்
ஓதம் ஏறிய செவுறு மாதிரி இருந்தது.

இப்போது நோட்டுப் போட்டு எழுதுகிறோம்.
சட்டைப் பொத்தான், இருபத்திரண்டு நிமிசம், மூன்றாவதோடு நிறுத்தியது.
தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தது, இரண்டு முறை.
ராத்திரி புரட்டிப் படுக்க வைத்தது, ஐந்து முறை.
"நாலு" என்கிறான் இருட்டுக்குள்ளிருந்து.
"ஒண்ணு சும்மாதான் கூப்பிட்டேன்."
அடித்துத் திருத்தினேன்.

கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாதாம்.
ஆகையால்
பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவன் கணக்குச் சொல்லித்தருவதும்
என் பீஸ் ரேட்டில் சூப்பர்வைசர் தின்ற நாற்பது ரூபாயை
மனசுக்குள்ளேயே கூட்டிப் பிடித்ததும்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது
அவன் கைகள் என் கழுத்துக்கு எட்டுவதில்லை.
இடுப்போடு நின்றுவிடும்.
இன்றைக்கு அங்கேயே ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தான்.
எனக்கு நேரமாகிறது என்று கத்தினேன்.
"சித்தெ இரு அக்கா."

எட்டரைக்கு டேபிள் முன்னால் நிற்கையில்
ஒடிசாக்காரி சுமித்ரா தன் அரைத் தமிழில் சிரித்தாள்:
"அக்கா, உன் பின்னாடி அம்பு."

முதுகெலும்பு முடிகிற இடம்.
தூக்கித் தூக்கி ராத்திரி நான் தைலம் தேய்க்கிற அதே இடம்.
கொஞ்சம் கோணலாக.

என் டப்பாவிலிருந்து எப்போது எடுத்தானோ.
அந்த விரல்களால் பேப்பரிலிருந்து அதை உரிக்க
எத்தனை நிமிசம் ஆகியிருக்குமோ,
நோட்டில் இல்லை.

சுமித்ரா உரித்துவிடக் கையை நீட்டினாள்.
இருக்கட்டும் என்றேன்.
முதல் சட்டையை விரித்தேன்.